பொதுமக்கள்: ஒருவர்

மின்விசிறித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருந்தவளை அங்கே எல்லோரும் ரசீதக்கா என்றே அழைத்தார்கள். ரசீது இல்லாமல் அவள் ஒரு காசை வெளியே விட்டதில்லை. ஒருமுறை முதலாளியே வெளியூர் போய்வந்து டாக்சிச் செலவு என்று ஒரு தொகை சொன்னார். ரசீது கொடுத்தால் எழுதிக்கொள்ளலாம் என்றாள். முதலாளி சட்டைப்பை, கைப்பை, காரின் பின்சீட்டு என்று துழாவிப் பார்த்தார். ரசீதும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அவள்மேல் பெரிய மரியாதை. தலைமைக் கணக்கர் ஓய்வு பெற்றபோது அந்த மரியாதையைக் காட்டும் விதமாக, நாற்காலியை அவளுக்குக் கொடுக்காமல், கணக்கியலில் முதுகலைப் பட்டம் பெற்ற இருபத்தாறு வயது இளைஞர் ஒருவருக்குக் கொடுத்தார்.

இளைஞர் நல்ல மாதிரி. வந்த முதல் நாளே ரசீதக்காவை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பற்று இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். இடப்பக்கம் என்றாள். மறுநாள் கூப்பிட்டு, அப்படியானால் வரவு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அவள் கணவர் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் அறுபதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளை லாரியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து லாரிக்கும் மாற்றுவது வேலை. மேலேயிருந்தே உலகத்தைப் பார்த்த பழக்கமோ என்னவோ, எதையும் பெரிதாக நினைக்கமாட்டார். அவள் இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பட்டம் எங்க கிடைக்குது?”

“பல்கலைக்கழகத்துல.”

“சரி, வாங்கிடலாம்” என்றார், மளிகைக் கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

நாற்பது வயதில் படிப்பா என்று அவள் தயங்கினாள். எட்டு வயது மகள், அம்மாவுக்கும் வீட்டுப்பாடம் உண்டா என்று விசாரித்தாள். உண்டு என்று தெரிந்ததும் முழு ஆதரவு தெரிவித்தாள்.

உயர்கணக்கியல் துறைக்கென்று பல்கலைக்கழகத்தில் தனிக் கட்டடம் இருந்தது. முகப்பில் ‘உண்மையும் நியாயமும்’ என்று சிமெண்டு எழுத்துகள். நியாயத்தின் கால் எப்போதோ உதிர்ந்துபோய், ‘உண்மையும் நியயமும்’ என்று நின்றது. விண்ணப்பத்தை வாங்கிய கண்காணிப்பாளர் அதை முதலில் எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்தார், பிறகு புரட்டினார். இளங்கலை முடித்ததற்கும் இப்போதைக்கும் நடுவே பத்தொன்பது வருட இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். ‘கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன்’ என்று எழுதிக் கொடுத்தாள். கணக்கியல் படிப்பிலிருந்து விலகியிருந்ததற்குக் கணக்கு வேலை பார்த்ததைக் காரணமாக ஏற்க விதியில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். ‘கல்யாணம், குழந்தை’ என்று மாற்றி எழுதினாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முத்திரை குத்தினார்.

சனி, ஞாயிறுகளில் வகுப்பு. முதல் மாதம் வருகைப்பதிவேடு கைக்கு வந்தபோது அவள் பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்துவிட்டாள். வகுப்பில் சேர்ந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பதினொருவர். பதிவேட்டில் வந்திருந்தவர்கள் முப்பத்தாறு. கீழே பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். அதற்காக அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. துறையின் ஆவணங்களில் கூட்டல் போடுவது மாணவர்களின் வேலையல்ல என்று அதில் எழுதியிருந்தது. குறிப்பாணையில் தேதி தப்பாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

வேலை, வீடு, பிள்ளை என்று இருந்ததில் அவளுக்குப் புத்தகத்தைப் பிரிக்கவே நேரமில்லை. அவள் கணவர் அதற்கு ஒரு வழி செய்தார். லாரி வரத் தாமதமாகும்போதெல்லாம் கிரேன் கூண்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று, பாடப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையோடு மேலே கொண்டுபோனார். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். கணக்கியல் கோட்பாடுகளை அறுபதடி உயரத்தில் படித்து, சாயங்காலம் கீழே இறங்கி வந்து, அவள் சமைக்கும்போது கதவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் விடமாட்டார். “புத்தகத்துல அப்படி இல்லையே மேடம்” என்பார். தேய்மானத்தைக் கணக்கிட எத்தனை முறைகள் என்பதை அவர் ஒருநாள் தூக்கத்தில் சொன்னதாக மகள் சொன்னாள். ஒன்றை விட்டுவிட்டாராம்.

மூன்று வருடத்தில் எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறினாள். மிச்சம் ஆய்வேடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் செம்புக் கம்பி புத்தகத்தில் ஒரு அளவு இருக்கும், கிடங்கில் வேறு அளவு இருக்கும். திருட்டு இல்லை, எடையிலும் தப்பில்லை. எங்கே போகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாள். ‘மின்விசிறித் தொழிற்சாலையில் செம்பு ஏன் குறைகிறது?’ என்று தலைப்பு எழுதித் துறைத் தலைவரிடம் கொண்டுபோனாள். அவர்தான் அவளுக்கு நெறியாளரும்.

துறைத் தலைவர் தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேள்விக்குறி எதுக்கும்மா?”

“கேள்விதானே சார்.”

“கேள்வின்னு வச்சா பதில் கண்டுபிடிக்கணும். இருபத்தெட்டு வருஷமா இந்தத் துறையில அப்படி ஒரு சங்கடம் வந்ததே இல்லை.”

அவரே திருத்திக் கொடுத்தார்: ‘உற்பத்தி நிறுவனங்களில் சரக்கிருப்பு மேலாண்மையின் பன்முகப் பரிமாணங்கள்: ஒரு கணக்கியல் நோக்கில் ஓர் அறிமுகப் பார்வை.’ செம்பு எங்கே என்று கேட்டாள். செம்பெல்லாம் உள்ளே வரும் என்றார். தலைப்பு ஒப்புதல் குழுவுக்குப் போனது. குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். முதல் கூட்டத்தில் தலைப்பு நீளம் என்று திருப்பியனுப்பினார்கள். குறைத்துக் கொடுத்தாள். அடுத்த கூட்டத்தில், முன்பு கொடுத்த தலைப்பும் இதுவும் வேறாக இருப்பதால் இது புதிய விண்ணப்பம் என்று தீர்மானித்து, புதிதாகக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். மூன்றாம் கூட்டத்தில் தலைப்பு ஏற்கப்பட்டது. அதற்குள் அவள் ஆய்வை முடித்து, செம்பு எங்கே போகிறதென்று கண்டுபிடித்து, தொழிற்சாலையில் அதை நிறுத்தியும் விட்டிருந்தாள். குறையாத செம்பைப் பற்றி ஆய்வு செய்வதில் பொருளில்லையே என்று துறைத் தலைவர் வருத்தப்பட்டார்.

தலைப்புக்காகக் காத்திருந்த அந்த வருடத்தில்தான் அவள் கணவருக்கு கிரேன் ஏணியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுகிறவர், நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். பிறகு நாலு இடத்தில். கண் மஞ்சளித்தபோது காமாலை என்று நினைத்தார்கள். மருத்துவர் படத்தை விளக்குத்திரையில் மாட்டி, கணையத்தில் ஒரு நிழலைக் காட்டினார். எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார். மருத்துவர் மாதங்களில் பதில் சொன்னார்.

பேருந்தில் திரும்பினார்கள். இறங்குவதற்கு முந்தின நிறுத்தத்தில் அவர், வாய்மொழித் தேர்வு எப்போது என்று கேட்டார்.

“இப்ப எதுக்குங்க அது.”

“நாலு வருஷமா நான்தான் உன்னைக் கேள்வி கேட்டுட்டு இருக்கேன். வேற யாராவது கேட்டு நீ பதில் சொல்றதை ஒரு தடவை பாக்கணும்.”

வாய்மொழித் தேர்வு என்பது அந்தத் துறையில் திறந்த அரங்கில் நடப்பது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வரத்தான் வேண்டும். பொதுமக்களில் குறைந்தது ஒருவராவது வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் தேர்வு செல்லும். துறையின் வெளிப்படைத்தன்மைக்கு அதுதான் சான்று. தன்னுடைய பொதுமக்கள் தன் கணவர்தான் என்று ரசீதக்கா எழுதிக் கொடுத்தாள். கணவரைப் பொதுமக்களாகக் கருதலாமா என்று கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தில் தேடினார். கூடாது என்று எங்கும் இல்லை.

முதல் தடவை தேதி குறித்தார்கள். அவர் காலையிலேயே சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு, இடுப்பில் நிற்காத பேண்டுக்காக பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளித்தேர்வாளருக்கு அன்று வேறொரு ஊரில் பாராட்டு விழா என்று தகவல் வந்தது. இரண்டாம் தடவை, வெளித்தேர்வாளருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும், இரண்டுதான் வந்திருக்கிறது என்று தள்ளிப்போனது. மூன்றாம் தடவை பொன்னாடை வந்துவிட்டது, ஆனால் அரங்கத்துக்கான பேனரில் ‘கணக்கியல்’ என்பது ‘கணக்கில்’ என்று அச்சாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடியது. ஒவ்வொரு தடவையும் அவர், “பரவாயில்லை, அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்னொரு தரம் பாத்துடலாம்” என்றார்.

நான்காம் தடவை சக்கர நாற்காலியில் வந்தார். தேர்வு அரங்கம் இரண்டாம் மாடி. லிஃப்ட் பேராசிரியர்களுக்கு மட்டும். சாவி துணைப் பதிவாளரிடம் இருந்தது, துணைப் பதிவாளர் விடுப்பில் இருந்தார். படிக்கட்டின் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். முப்பத்தாறு படிகள். அறுபதடியை முப்பது வருடம் ஏறி இறங்கியவர். “வேலைக்குப் போறப்ப ஏணிக்கு யாரும் சாவி கேட்டதில்லை” என்றார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பொதுமக்கள் பதிவேட்டைக் கீழே எடுத்துவந்து, சக்கர நாற்காலியின் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டார். தேதியை மட்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திக் கையெழுத்திட்டார். சட்டப்படி அவர் மாடிக்கு வந்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து வெளித்தேர்வாளர் வரவில்லை என்று தெரிந்தது. அழைப்புக் கடிதத்தில் அவரை ‘முனைவர்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார்கள். அவர் பேராசிரியர் முனைவர்.

அதன்பிறகு அவள் கணவர் வெளியே எங்கும் போகவில்லை. பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ரசீதக்கா, மகள் வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

புதன்கிழமை காரியங்கள் முடிந்து திரும்பியபோது, வாய்மொழித் தேர்வு சனிக்கிழமை என்று தபால் வந்திருந்தது. பேராசிரியர் முனைவர் சம்மதித்துவிட்டார். அவள் தொலைபேசியில் கண்காணிப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லி, தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் உண்மையிலேயே வருந்தினார். வருந்திவிட்டு, தள்ளிவைக்கிற அதிகாரம் துறைக்குத்தான், மாணவருக்குக் கிடையாது என்றார். மேலும், அவள் பதிவு செய்து ஐந்து வருடம் அடுத்த திங்கள்கிழமையோடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் காலாவதி. தேர்வாளரின் மாமனார், மாமியார்வரை துக்கத்துக்கு விதியில் இடம் உண்டாம். மாணவரின் வீட்டில் யாராவது சாகலாம் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

போவதில்லை என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், அவருடைய அக்கா, சனிக்கிழமை காலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறையப் பேசுகிற பெண் இல்லை.

“போயிட்டு வந்துடு. அவன் இருந்தா உன்னை விட்டிருப்பானா? பிள்ளையை நான் பாத்துக்கறேன்.”

அரங்கத்தில் பேனர் சரியாக இருந்தது. பொன்னாடை இருந்தது. லிஃப்ட்கூட அன்று ஓடியது. துறைத் தலைவர் எழுந்து பேசினார்.

“கணக்குன்னா என்ன? ஒளிவுமறைவு இல்லாததுதான் கணக்கு. அதனாலதான் இந்தத் துறையில தேர்வு திறந்த அரங்குல நடக்குது. யார் வேணும்னாலும் உள்ள வரலாம், எங்களைக் கேள்வி கேக்கலாம். முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட கேட்டதில்லை. அந்த அளவுக்கு எங்கமேல மக்களுக்கு நம்பிக்கை.”

பேசிக்கொண்டே, ஏசி வெளியே போகிறது என்று கதவைச் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினார். எதிரே நாற்பது நாற்காலிகள் காலியாக இருந்தன.

வெளித்தேர்வாளர் ஆய்வேட்டை உண்மையிலேயே படித்திருந்தார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, துறைத் தலைவரே கொஞ்சம் சங்கடப்பட்டார். நல்ல கேள்விகள் கேட்டார். ரசீதக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லும்போது அவள் பார்வை தேர்வாளர்மேல் இல்லை, கதவுப் பக்கமாக இருந்தது. கதவில் சாய்ந்து நின்று கேட்கிறவருக்குச் சொல்லிப் பழகிய பதில்கள் அவை. கடைசியாக வெளித்தேர்வாளர், கிடங்கில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“தேடணும் சார்.”

“கிடைக்கலைன்னா?”

“காரணத்தை எழுதி, கணக்கிலிருந்து தள்ளிடணும்.”

“எவ்வளவு நாள் தேடிட்டுத் தள்ளலாம்?”

புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஒரு நிதியாண்டு. அவளுக்கு அது தெரியும். ஆனால் வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துறைத் தலைவர் அதை அடக்கம் என்று புரிந்துகொண்டு, போதும் என்று கை தட்டினார். மூன்று பேர் கை தட்டினார்கள், கண்காணிப்பாளரையும் சேர்த்து.

கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் வந்தன. கடைசியாகப் பதிவேட்டைத் திறந்தார்கள். ‘பொதுமக்கள்: ஒருவர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அவள் கணவரின் கையெழுத்து. அதற்கு நேராக, அன்றைய தேதி, ஈரம் காயாத நீல மையில்.

“சார், இது தப்பு” என்றாள். “அவர் இன்னைக்கு வரலை.”

“கையெழுத்து இருக்கேம்மா” என்றார் துறைத் தலைவர்.

“அவர் செவ்வாய்க்கிழமை போயிட்டார் சார்.”

துறைத் தலைவர் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். தெரிவித்துவிட்டு, அந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டார். அவருடையதுதான். யாராவது போலியாகப் போட்டார்களா? இல்லை.

“பின்ன என்ன தப்பு? ஆவணம்னா கையெழுத்துதான் பேசணும், ஆள் பேசக்கூடாது. ஆள் வருவாங்க, போவாங்க. பதிவேடு இருக்கும். நீங்க இத்தனை வருஷம் கணக்கு எழுதினவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

வெளித்தேர்வாளரும் ஆறுதலாகப் பேசினார். தங்கள் கல்லூரிக் காவலாளி இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகளுக்குப் பொதுமக்களாக இருந்திருப்பதாகவும், அவர் ஓய்வு பெற்றபோது கௌரவப் பட்டம் கொடுக்கலாமா என்று யோசித்ததாகவும், அடிப்படைக் கல்வித் தகுதி இல்லாததால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். இங்கே அந்த மாதிரி ஏமாற்று வேலை கிடையாது என்று துறைத் தலைவர் இடைமறித்தார். உண்மையான பொதுமக்களிடம்தான் வாங்குவார்கள், முன்கூட்டியே.

அவள் கேட்பதாக இல்லை. அந்தப் பதிவை அடித்துவிடச் சொன்னாள். அடிக்கலாம் என்றார் கண்காணிப்பாளர். அடித்தால் பொதுமக்கள் பூஜ்யம் ஆகிவிடும், இன்றைய தேர்வு செல்லாது. இன்னொரு தேதிக்கு அவகாசம் இல்லை. மறுபடி தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதையெல்லாம் அவர் மிரட்டுகிற தொனியில் சொல்லவில்லை, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். அடிக்க வேண்டுமானால் அவள் கையால்தான் அடிக்க வேண்டும், பக்கத்தில் ‘வரவில்லை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அது விதி.

அவள் ஸ்கேலைக் கையெழுத்தின்மேல் வைத்தாள். பட்டம் போனால் போகட்டும் என்றுதான் வைத்தாள். பொய்ப் பதிவைக் கண்டால் கோடு இழுக்கிற கை அது, அதற்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்து அருகில் தெரிந்தது. நாற்காலியின் கை ஆடியதால் நடு எழுத்துக் கோணியிருந்தது. அதைச் சரிசெய்ய அவர் அதே எழுத்தின்மேல் இன்னொரு தடவை எழுதியிருந்தார். அவர் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே பதிவு அதுதான். வந்தார் என்று சொல்வதும் அது ஒன்றுதான்.

பேனாவை மூடி வைத்தாள்.

“இருக்கட்டும் சார்” என்றாள்.

அந்தப் பக்கத்தைத் துறைத் தலைவர் திருப்பினார். பொன்னாடை போர்த்தப்பட்டது.

பட்டம் நான்கு மாதத்தில் தபாலில் வந்தது. அதற்குள் தொழிற்சாலை இளைஞர் வேறு பெரிய நிறுவனத்துக்கு, பற்றும் வரவும் பற்றி யாரும் கேட்காத உயரத்துக்குப் போய்விட்டார். முதலாளி நாற்காலியை ரசீதக்காவுக்குக் கொடுத்தார், பட்டத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் நாள் அவள் அந்த அறையில் உட்கார்ந்து வழக்கமான வேலையைப் பார்த்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, நாற்காலி கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, மகளிடம் சொன்னாள். மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வாசல் தபால்பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்தாள். வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா. அப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு.”

உயர்கணக்கியல் துறையிலிருந்து. துறையின் வாய்மொழித் தேர்வில் கலந்துகொண்ட பொதுமக்களின் மேலான கருத்தை அறிய விரும்புவதாகவும், இந்தப் படிவம் பதினைந்து நாட்களுக்குள் வந்துசேராவிட்டால் சம்பந்தப்பட்ட மாணவரின் பட்டம் மறுபரிசீலனைக்கு உள்ளாகும் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்து ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதால் மீண்டும் தேவையில்லை.

கிழித்துப் போட நினைத்தாள். மகள்தான் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் படிக்கறேன், அப்பா என்ன சொல்லியிருப்பாரோ அதை நீ சொல்லு என்றாள். அரங்கத்தின் வசதி எப்படி இருந்தது என்று முதல் கேள்வி. சுமார், என்று சொன்னாள். மாணவரின் பதில்கள் எப்படி இருந்தன என்பதற்கு மகள் கேட்காமலே ‘மிக நன்று’ போட்டாள். குறை ஏதாவது உண்டா?

“கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லலைன்னு போடு. அப்பா அதை விட்டிருக்க மாட்டார்.”

“புத்தகத்துல இருக்கே மேடம்னு போடவா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். துறைக்கு ஆலோசனை என்ற இடத்தில் மகள், ‘லிஃப்ட்டுக்கு இன்னொரு சாவி செய்து வைக்கவும்’ என்று எழுதினாள். அதற்கும் சிரித்தார்கள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதில்லை.

கடைசிக் கேள்வியை மகள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுத் தாளை அம்மாவிடம் தள்ளினாள்.

‘இனி வரும் நாட்களிலும் வருவீர்களா? ஆம் / இல்லை. (பொருந்தாததை அடித்துவிடவும்.)’

ரசீதக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். மகளின் கணக்குப் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். ‘ஆம்’ என்பதன்மேல் வைத்து, கோணாமல், ஒரே கோடாக இழுத்தாள்.

தாளில் ‘இல்லை’ என்று மட்டும் இருந்தது.